படைப்பு வீட்டின் பூட்டிய அறை: பிளஸ் டூ வயதுக்காரர்களுக்கான என் நாவலுக்கு யோசனை வேண்டும்

தேவகோட்டை டீச்சர்:

பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். அவர்கள் வயதுக்காரர்கள் படிக்கவென்றே மூன்று வருடமாக ஒரு நாவல் எழுதுகிறேன். பதினொரு அத்தியாயம் முடிந்தது. பன்னிரண்டாவதில் ஆறு மாதமாக நிற்கிறேன்.

கதை நடப்பது வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் ஒரு செட்டிநாட்டு வீட்டில். முன்னோருக்குப் படையல் வைத்துக் கும்பிடும் படைப்புக்காக ஊர் ஊராக இருந்து பங்காளிகள் வந்து திறக்கிறார்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி மட்டும் வரமாட்டேன் என்று அழுகிறாள். பன்னிரண்டு வயதில், போன படைப்பின்போது, வளவை (வீட்டு நடுவிலுள்ள முற்றத்தை) ஒட்டிய அறையில் நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் அவளைச் சீரழித்தார். இந்த முறை, பக்கத்து வீட்டுக்கு வந்திருக்கும் பதினெட்டு முடிந்த பையன் மேல் அவளுக்கு மனசு போகிறது. இருவரும் ஒரே கோயில் பிரிவு. அண்ணன் தங்கை முறை.

நான் நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்) இல்லை. என் அம்மா அப்படி ஒரு வீட்டில் சமையலுக்கு இருந்தார். மூன்றாங்கட்டில் அம்மிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் எல்லாரும் எழுதியாகிவிட்டது. எனக்கு மனதில் நிற்பது அந்த அறைக் கதவுகள்தான். குனியாமல் நுழைய முடியாது. சாத்தினால் உள்ளே பேசுவது வளவுக்குக் கேட்காது.

அந்த அறைக்குள் வாசகரைக் கூட்டிப் போக வேண்டுமா, வேண்டாமா? என் வகுப்பில் நாற்பது பேர் இருக்கிறார்கள். அதில் யாருக்காவது இப்படி நடந்திருக்கலாம் என்ற பயத்தோடுதான் ஒவ்வொரு வரியும் எழுதுகிறேன். பத்தாவது அத்தியாயத்தில் அவள் தன் டீச்சரிடம் சொல்லிவிடுகிறாள். டீச்சர், ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று கையில் அடித்துச் சத்தியம் செய்கிறார். நாவலிலேயே எனக்குப் பிடித்த இடம் அது.

கண்டனூர் ஆச்சி:

டீச்சரம்மா, ஒரு திருத்தம் சொல்றேன். ஒரே கோயில்னா பிள்ளைங்களுக்கு முன்னமே தெரியும். பேர் சொன்ன கையோட ‘எந்தக் கோயில்?’னுதான் எங்க பெரியவங்க கேப்பாங்க. நகரத்தார் எல்லாரும் ஒம்போது கோயிலாப் பிரிஞ்சிருக்கோம், அதுல ஒரே கோயில்காரங்க எல்லாம் பங்காளி. தெரிஞ்சே ரெண்டு பேரும் விழுந்தாங்கன்னா கதை வேற மாதிரிப் போயிரும்.

பொண்ணை இரணியூர்க் கோயில் ஆக்குங்க, பையனைப் பிள்ளையார்பட்டி ஆக்குங்க. கோயில் வேறதானே, கட்டிக்கலாம்னு அதுங்க நிம்மதியா இருக்கும். ஆனா இந்த ரெண்டு கோயிலும் அண்ணன் தம்பி முறை. கொள்வினை கொடுப்பினை கிடையாது. கல்யாணத்துக்கு ரெண்டு பக்கக் கோயில்லேருந்தும் மாலை வரணும், இவங்களுக்கு வராது. வெளியூர்லயே வளந்த பிள்ளைங்களுக்கு இது தெரியாம இருக்க நியாயம் உண்டு. அப்பத்தா ஒருத்தி பலகாரம் சுட்டுக்கிட்டே பேச்சோட பேச்சா அதைச் சொல்லிரணும். அடுப்படியில நின்ன பொண்ணுக்கு அங்கனயே காலு நகராது.

ஆலோசகர் (மதுரை):

பாலியல் வன்முறைக்கு ஆளான குழந்தைகளோடு வேலை செய்கிறேன். டீச்சர், உங்களுக்குப் பிடித்த அந்தச் சத்தியத்தைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் புகார் தெரிவித்தே ஆக வேண்டும். மறைத்தால் 21ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. ‘ரகசியமாக வைப்பேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு மீறினால், அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாவது துரோகம். ‘உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களிடம் மட்டும் சொல்வேன், உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் சொல்வேன்’ என்று அவர் சொல்லட்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அந்த அத்தியாயத்திலேயே வரட்டும். கதைக்காக இல்லை, உங்கள் நாற்பது பேருக்காக.

‘ஏன் கத்தவில்லை?’ என்று வாசகர் கட்டாயம் கேட்பார். உயிர்ப்பயத்தில் உடம்பு உறைந்துபோவது உண்டு, நாக்கே எழாது. நினைவும் வரிசையாக வராது. ஒரு வாசனை, ஒரு பூட்டுச் சத்தம், அவ்வளவுதான் தெளிவாக நிற்கும். அதனால் அறைக்குள் நடந்ததை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை விவரித்தால், அது அவளுடைய நினைவாக இருக்காது.

இன்னொன்று. பெண்ணுக்குப் பதினேழு, பையனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அவள் சம்மதம் சட்டத்தில் செல்லாது. காதல் தெரிந்தவுடன் குடும்பமே அதே போக்சோவில் அந்தப் பையன் மேல் புகார் கொடுக்கலாம். செய்தவர் முகப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பார், பையன் ஸ்டேஷனில் நிற்பான். நான் பார்த்த வரை நடக்கிற கதைதான்.

பிளஸ் டூ வாசகி:

எனக்கும் பதினேழுதான் மிஸ். இந்த மாதிரி கதை போன்ல நிறைய படிப்பேன். எல்லாத்துலயும் பையன் வந்து கட்டிப்பிடிச்சதும் அவளுக்கு எல்லாம் சரியாயிடும். அப்படிச் சரியாகாது மிஸ். அவன் நல்லவனா இருக்கட்டும், ஆனா மருந்தா ஆக்காதீங்க. அவ திடீர்னு கையை உதறினா, ஏன்னு கேக்காம நாலடி தள்ளி உக்காரட்டும். அதுவே எனக்குப் போதும்.

அப்புறம் ‘சீரழித்தார்’னு எழுதியிருக்கீங்க. அவ சீரழியல மிஸ். அவர்தான் தப்பு பண்ணினார்.

தேவகோட்டை டீச்சர்:

அந்தச் சொல்லைக் கையெழுத்துப் பிரதியில் தேடினேன். ஏழு இடத்தில் இருந்தது, ஏழையும் அடித்துவிட்டேன். சத்தியம் செய்யும் இடத்தையும் கிழித்தாகிவிட்டது. ஒரு டீச்சரே அப்படி எழுதியிருக்கிறேனே என்று நேற்று ராத்திரி தூக்கம் இல்லை.

பன்னிரண்டாவது அத்தியாயம் இப்போது இப்படித் தொடங்குகிறது:

“வளவுக் கல்லெல்லாம் கால் பட்டுப் பட்டுக் கண்ணாடியாகக் கிடந்தது. இடப்பக்கம் மூன்றாவது அறைக்குள் மட்டும் கல் மங்கியிருந்தது. அஞ்சு வருடமாக யாரும் நடக்கவில்லை. அவள் நிலைப்படிக்கு வெளியே நின்றாள். உள்ளேயிருந்து வௌவால் புழுக்கை நாற்றம் வந்தது, அதற்கடியில் ஜவ்வாது. அவள் பின்னங்கால் தானாக ஒரு கல் பின்னால் போனது.”

அதற்கு மேல் உள்ளே போகவில்லை. ஆச்சி, ஒன்று கேட்கிறேன். அந்த அறைகளின் சாவி யாரிடம் இருக்கும்?

கண்டனூர் ஆச்சி:

கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது ஒவ்வொரு தம்பதி குடும்பத்துக்கும், வளவுல ஒரு அறை உண்டு. அதுஅதுக்குச் சாவி அந்தந்தப் புள்ளிகிட்டதான். எங்க வீட்டுல ஒருத்தர் அறையை இன்னொருத்தர் தொறக்க மாட்டோம், கேட்டுத்தான் வாங்கணும். கேட்டா என்னத்துக்குன்னு ஒரு வார்த்தை கேப்போம்.

அது அந்த ஆளோட சொந்த அறையா? இல்லேன்னா, அன்னிக்கு அவன் கையில சாவியைக் கொடுத்தது யாரு டீச்சரம்மா?