வியன்னாவில் இசைமேதைகளின் வீடுகளும் கல்லறைகளும்: மூன்று நாளில் எப்படிப் பார்ப்பது?

ஸ்வரக்கோர்வை:
ஞாயிறு இரவு வியன்னா போய்ச் சேர்ந்து புதன் மாலை கிளம்புகிறோம். கையில் இருப்பது திங்கள், செவ்வாய், புதன். அரண்மனை, ராட்டினம், கேக் கடை எதுவும் பட்டியலில் இல்லை. மோட்சார்ட், பீத்தோவன், ஷூபர்ட், ஹைடன் வாழ்ந்த வீடுகளும் அவர்களைப் புதைத்த இடங்களும் மட்டும் போதும். மூன்று சந்தேகங்கள்:

திங்களன்று வீடுகள் மூடியிருக்கும் என்கிறார்கள், அப்படியானால் அன்று என்ன செய்வது? மோட்சார்ட் கல்லறை என்று மேப் இரண்டு இடங்களைக் காட்டுகிறது, எது சரி? பீத்தோவன் வீடு என்று தேடினால் நாலைந்து வருகின்றன, எதற்குப் போவது?

கூட வரும் அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் நன்றாக நடப்பார், படிகள்தான் சிரமம்.

—

டிராம்71:
இசைக்கலைஞர் வாரியாகத் திட்டம் போடாதீர்கள். ஒரே ஆளின் மூன்று இடங்கள் நகரத்தின் மூன்று மூலைகளில் இருக்கும். டிராம் பாதையைப் பிடித்துக்கொண்டு போனால் நாள் மிச்சமாகும்.

சின்ன வீடுகளில் பெரும்பாலானவை (ஹைடன், ஷூபர்ட், பீத்தோவன் வீடுகள்) நகர அருங்காட்சியகமான வீன் மியூசியத்தின் கிளைகள். திங்கள் விடுமுறை. மற்ற நாட்களில் காலை 10 முதல் 1 வரை, பிறகு 2 முதல் 6 வரை. நடுவில் அந்த ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவிடுவார்கள். பலருக்குத் திட்டம் கெடுவது இதனால்தான்: 12:40-க்குப் போய் நின்று, இருபது நிமிடத்தில் வெளியே வந்து, அடுத்த வீட்டுக்குப் போனால் அதுவும் பூட்டியிருக்கும். மோட்சார்ட் வீடு தனி நிர்வாகம், மதியம் மூடுவதில்லை. அதனால் அதை மதிய வேளைக்கு ஒதுக்குங்கள்.

திங்கள்: ஷ்வார்ட்ஸன்பெர்க்பிளாட்ஸ் சதுக்கத்தில் தொடங்குங்கள். அங்கே இசையமைப்பாளர் அர்னால்ட் ஷோன்பெர்க்கின் மையம் இருக்கிறது, வாரநாட்களில் திறந்திருக்கும். லாஸ் ஏஞ்சலஸில் அவர் வேலை செய்த அறையை அப்படியே திருப்பி அமைத்திருக்கிறார்கள், அவரே தன் கையால் செய்த சாமான்களும் அதில் உண்டு. அங்கிருந்து 71-ஆம் எண் டிராம். சாங்க்ட் மார்க்ஸ் நிறுத்தத்தில் இறங்கினால் மோட்சார்ட்டைப் புதைத்த மயானம் கொஞ்ச தூர நடை. திரும்ப வந்து அதே 71-இல் ஏறினால் மத்திய மயானம், ஸென்ட்ரால்ஃப்ரீட்ஹோஃப். ஊர்க்காரர்கள் ஒருவர் செத்துப்போனால் ‘71 ஏறிவிட்டார்’ என்பார்கள். என் பெயர் அங்கிருந்து வந்ததுதான்.

இறங்க வேண்டியது இரண்டாம் வாசல், ‘2. டோர்’. முதல் வாசலில் இறங்கிவிடாதீர்கள். அது பழைய யூத மயானப் பகுதி. இசையமைப்பாளர் கார்ல் கோல்ட்மார்க் அங்கேதான் இருக்கிறார், ஆனால் நீங்கள் தேடுபவர்கள் அங்கே இல்லை. இரண்டாம் வாசலிலிருந்து பெரிய தேவாலயத்தைப் பார்த்து நேராக நடந்தால் இடது பக்கம் 32ஏ பிரிவு. பாதை முழுக்க சமதளம், அம்மாவுக்குக் கஷ்டமே இருக்காது. மயானத்துக்குள் சுற்றிவர 106-ஆம் எண் பேருந்தும் உண்டு. குளிர்காலத்தில் மாலை 5-க்கே வாசலை அடைத்துவிடுவார்கள்.

செவ்வாய்: ஷோட்டன்டோர் நிலையத்திலிருந்து வடக்கு நோக்கி. புதன்: யு3 ரயில் பாதை. இவற்றை மற்றவர்கள் சொல்லட்டும்.

—

கல்வெட்டுக்காரன்:
மோட்சார்ட் விஷயத்துக்கு வருகிறேன். புதைத்தது சாங்க்ட் மார்க்ஸ் மயானத்தில். மத்திய மயானத்தில் இருப்பது வெறும் நினைவுச்சின்னம், அடியில் ஒன்றும் இல்லை.

1791 டிசம்பர் 5 அன்று இறந்தார். ‘ஏழைக் குழியில் வீசினார்கள்’ என்று இன்னும் எழுதுகிறார்கள், அது தப்பு. இரண்டாம் யோசெஃப் பேரரசர் 1780-களில் சவ அடக்கத்துக்குக் கடுமையான சிக்கன விதிகள் கொண்டுவந்தார். சாதாரணக் குடிமக்களை ஊருக்கு வெளியே, கல் நடாமல் புதைப்பதுதான் அன்றைய நடைமுறை. சில வருடம் கழித்து அதே மண்ணைத் தோண்டி வேறொருவருக்குக் கொடுப்பார்கள். மோட்சார்ட்டுக்கும் அதுவே நடந்தது, சரியான இடம் அதனால்தான் தெரியாமல் போனது. பின்னால் உத்தேசமாக ஓர் இடத்தைக் குறித்து 1859-இல் ஹான்ஸ் காஸர் செய்த சிலையை வைத்தார்கள். நூற்றாண்டு நினைவுக்காக 1891-இல் அந்தச் சிலையைப் பெயர்த்து மத்திய மயானத்துக்குக் கொண்டுபோனார்கள். காலியான இடத்தில் ஒரு மயானக் காவலாளி, கைவிடப்பட்ட கல்லறைகளிலிருந்து உடைந்த தூணையும் சோகமாகச் சாய்ந்து நிற்கும் தேவதையையும் எடுத்து வைத்து ஒரு கல்லறையைத் தேற்றினார். இன்று எல்லோரும் படம் எடுப்பது அதைத்தான்.

என்னைக் கேட்டால் இதுதான் வியன்னாவிலேயே நேர்மையான நினைவிடம். மத்திய மயானம் 1874-இல் திறந்ததும் இந்த மயானம் மூடப்பட்டது. பிறகு யாரும் கைவைக்காததால் 19-ஆம் நூற்றாண்டு மயானம் எப்படி இருந்ததோ அப்படியே நிற்கிறது. மே மாதம் லைலாக் பூத்துக் குலுங்கும். பக்கத்திலேயே நெடுஞ்சாலை மேம்பாலம் போகிறது. அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள், லாரிச் சத்தம் கேட்டபடியே இருக்கும்.

இனி 32ஏ. நடுவில் மோட்சார்ட் சின்னம், எண் 55. அதன் பின்னால் பீத்தோவன் 29, ஷூபர்ட் 28, இளைய யோஹான் ஸ்ட்ராஸ் 27, பிராம்ஸ் 26. இவர்களில் பீத்தோவனும் ஷூபர்ட்டும் முதலில் இங்கே இல்லை. இருவரையும் வேரிங் கிராம மயானத்தில் அருகருகே புதைத்தார்கள், பீத்தோவன் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பது ஷூபர்ட்டின் ஆசை. 1888-இல் இரண்டு பேரையும் தோண்டி இங்கே மாற்றினார்கள். வேரிங் மயானம் இப்போது ஷூபர்ட் பூங்கா. குழந்தைகள் விளையாடும் அந்தப் பூங்காவின் ஓரத்தில் இருவரின் பழைய கல்லறைக் கற்கள் இன்றும் நிற்கின்றன. ஷோட்டன்டோரிலிருந்து 40 அல்லது 41 டிராம். சுற்றுலாக் கூட்டம் எட்டிப் பார்ப்பதில்லை.

மோட்சார்ட் காலத்து இசையமைப்பாளர் சாலியேரியைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். அதே மத்திய மயானத்தில் 0-ஆம் பிரிவு, முதல் வரிசை, 54. மதில் ஓரமாக இருக்கிறார்.

—

தந்திவாத்தியம்:
பீத்தோவன் வீடுகள். மனிதர் ஓயாமல் வீடு மாற்றியவர். குளிர்காலத்துக்கு நகரத்துக்குள் ஒன்று, கோடைக்கு வெளியே கிராமத்தில் ஒன்று. அதனால்தான் இத்தனை முகவரி. உள்ளே போய்ப் பார்க்கத் தகுந்தவை இரண்டே.

ஒன்று, ஹைலிகன்ஸ்டாட், புரோபுஸ்காஸே 6. இப்போது 19-ஆவது வட்டம், அன்று நகருக்கு வெளியே குளியல் ஊற்றுள்ள கிராமம். காது கேளாமல் போவதை எண்ணி 1802 அக்டோபரில் தம்பிகளுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்திருந்த அந்த உயில் கடிதம் இந்த வீட்டில் எழுதப்பட்டது என்பது மரபு. மூலக் கடிதம் ஹாம்பர்க் நூலகத்தில் இருக்கிறது, இங்கே அதைத் தேடாதீர்கள். 2017-இல் வீட்டை விரிவாக்கிப் பெரிய அருங்காட்சியகமாக்கினார்கள். ஒன்றரை மணி நேரம் வேண்டும்.

இன்னொன்று, பாஸ்குவாலட்டி வீடு, மோல்கர் பாஸ்டை 8. ஷோட்டன்டோருக்கு எதிரே, பழைய கோட்டைச் சுவரின் மிச்சத்தின் மேல். 1804 முதல் 1815 வரை விட்டுவிட்டு இங்கே குடியிருந்தார். ஐந்தாம் சிம்பொனியும் ஃபிடேலியோ ஓபராவும் உருவான காலம் அது. ஆனால் நான்காம் மாடி, லிஃப்ட் கிடையாது. அங்கே தரைத்தளத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்பதால் ஏறுவது நம் கணக்கில் ஐந்தாவது தளம். அம்மாவுக்கு வேண்டாம். நீங்கள் மட்டும் ஏறிவிட்டு வாருங்கள், அரை மணி நேரம் போதும்.

1827 மார்ச் 26 அன்று அவர் இறந்த ஷ்வார்ட்ஸ்பானியர் வீட்டை இடித்துவிட்டார்கள், ஒரு பலகை இருக்கிறது. அதற்காகப் போக வேண்டியதில்லை.

செவ்வாய் இப்படி வைத்துக்கொள்ளுங்கள். 10 மணிக்கு பாஸ்குவாலட்டி. பிறகு ஷோட்டன்டோர் கீழ்த்தளத்திலிருந்து 37 அல்லது 38 டிராம், கனீசியுஸ்காஸே நிறுத்தம், நுஸ்டோர்ஃபர் ஸ்ட்ராஸே 54: ஷூபர்ட் பிறந்த வீடு. 1 மணிக்குள் முடித்துவிடுங்கள். அதன்பின் 37 மட்டும், 38 வேறு பக்கம் பிரிந்துவிடும். 37-இன் கடைசி நிறுத்தம் ஹோஹ வார்ட்ட. அங்கிருந்து இறக்கமாக நடந்தால் ஹைலிகன்ஸ்டாட். சாப்பாட்டை முடித்துக்கொண்டு 2 மணிக்கு பீத்தோவன். மாலையில் 38ஏ பேருந்தில் கிரின்ட்ஸிங், அங்கே மயானத்தில் இசையமைப்பாளர் மாலரின் கல்லறை. கட்டடக் கலைஞர் யோசெஃப் ஹோஃப்மன் வடிவமைத்த கல், பெயரைத் தவிர வேறெதுவும் பொறிக்கவில்லை. 38 டிராமும் 38ஏ பேருந்தும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். மயானத்துக்கு ஏற்றம் இருக்கிறது, அம்மா களைத்திருந்தால் அதே 38ஏ-இல் எதிர்த்திசையில் ஹைலிகன்ஸ்டாட் யு4 நிலையத்துக்கு வந்துவிடலாம்.

—

ஸ்வரக்கோர்வை:
அருமை. மோட்சார்ட் வீட்டுக்குள் அவருடைய சாமான்கள் எவ்வளவு இருக்கும்? ஹைடன் கல்லறையைக் காணோமே?

—

மெட்டு_மாணவி:
மோட்சார்ட் வீடு, டோம்காஸே 5, ஸ்டெஃபான் தேவாலயத்துக்குப் பின்னால். 1784 முதல் 1787 வரை முதல் மாடியில் குடியிருந்தார், ஃபிகாரோ ஓபரா இங்கேதான் எழுதப்பட்டது. லிஃப்ட் உண்டு. மேல் மாடியிலிருந்து கீழே இறங்கி வருவதுபோல் கண்காட்சியை அமைத்திருக்கிறார்கள், அவர் வாழ்ந்த அறைகள் கடைசியில்தான் வரும். ஒலிவழிகாட்டியை மேலேயே முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றால் அறைகளுக்கு வரும்போது சோர்ந்துவிடுவீர்கள். மேல் தளங்களை வேகமாகக் கடந்துவிடுங்கள். அவருடைய சாமான்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், அறைகள்தான் அசல். ஜன்னல் வழியே குறுகிய சந்தைப் பாருங்கள், அது போதும்.

அவர் இறந்த வீடு ரௌஹென்ஸ்டைன்காஸேயில் இருந்தது. இன்று அந்த இடத்தில் ஸ்டெஃபல் பல்பொருள் அங்காடி. பலகை அங்காடியின் பின்பக்கத்தில் இருக்கிறது, முன்வாசலில் தேடி ஏமாறாதீர்கள்.

ஹைடன் கல்லறை வியன்னாவிலேயே இல்லை, ஐசன்ஸ்டாட்டில் பெர்க்கிர்ஷ தேவாலயத்தில். அதுவும் தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம் என்று ஒன்றரை நூற்றாண்டு இருந்தது. 1809-இல் புதைத்த சில நாட்களிலேயே கபால ஆராய்ச்சிப் பைத்தியங்கள் குழி வெட்டுபவருக்குக் காசு கொடுத்துத் தலையைத் திருடிவிட்டார்கள். 1954-இல்தான் மண்டையோடு உடலோடு சேர்ந்தது.

ஆனால் வீடு இங்கே இருக்கிறது: ஹைடன்காஸே 19, 6-ஆவது வட்டம், யு3 ட்ஸீக்லர்காஸே நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. லண்டன் பயணங்கள் தந்த செழிப்பில் 1793-இல் வாங்கி, மேலே ஒரு மாடி கட்டி, 1797-இல் குடிவந்தார். படைப்பு, பருவங்கள் இரண்டு பெரிய இசைக்கோவைகளும் இங்கே உருவானவை. 1809 மே 31 அன்று, நெப்போலியன் படை நகரத்தைப் பிடித்திருந்த நேரத்தில், இங்கேயே காலமானார். மொத்தப் பட்டியலில் ஒன்றே ஒன்று என்றால் நான் இதைத்தான் சொல்வேன். வாடகை அறைகளுக்கு நடுவில் ஒரு கலைஞர் சொந்தமாக வாங்கிய வீடு. பின்னால் சின்னத் தோட்டமும் உண்டு.

அதே வீட்டில் பிராம்ஸுக்கும் ஓர் அறை. கார்ல்ஸ்காஸே 4-இல் அவர் இருந்த வீட்டை இடித்துவிட்டதால் மிஞ்சிய சாமான்கள் இங்கே வந்துசேர்ந்தன. பிராம்ஸ் வீட்டைத் தேடி கார்ல்ஸ்பிளாட்ஸ் பக்கம் அலைய வேண்டாம். பூங்காவில் சிலை மட்டும் பார்க்கலாம்.

புதன்: 10 மணிக்கு ஹைடன், யு3-இல் ஸ்டெஃபான்ஸ்பிளாட்ஸ், 12 மணிக்கு மோட்சார்ட். பிறகு யு1-இல் ஒரு நிறுத்தம், யு4-இல் ஒரு நிறுத்தம், கெட்டன்பிரூக்கன்காஸே 6: ஷூபர்ட் இறந்த வீடு. இது புதனும் வியாழனும்தான் திறப்பார்கள், உங்களுக்கு அதிர்ஷ்டம். அண்ணன் ஃபெர்டினாண்ட் குடியிருந்த வீடு. செப்டம்பர் 1 அன்று வந்தவர் 1828 நவம்பர் 19 அன்று, 31 வயதில் போய்விட்டார். இரண்டாம் மாடி. மெதுவாக ஏறினால் அம்மாவாலும் முடியலாம்.

—

கல்வெட்டுக்காரன்:
இரண்டு சேர்க்கை. ஷூபர்ட் பிறந்த வீட்டில் அவருடைய மூக்குக்கண்ணாடி இருக்கிறது, அவசரத்தில் தவறவிடாதீர்கள். குடும்பத்துக்கு இருந்தது ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அவர் பிறந்தது சமையலறையில் என்பார்கள். அங்கிருந்து நாலு நிமிடத்தில் ஸோய்லன்காஸே 3. ஷூபர்ட்டின் இளமைக்கால வீடு, அவருடைய ‘எர்ல்கோனிக்’ பாட்டு பிறந்த இடம். இப்போது கார் பழுதுபார்க்கும் கராஜ். பெயர்ப்பலகையிலும் ஷூபர்ட் பெயர்தான்.

விவால்டியும் வியன்னாவில் இறந்தவர், 1741 ஜூலை 28. அவர் கடைசியாகத் தங்கிய வீடு இருந்த இடத்தில் இன்று ஸாக்கர் ஹோட்டல், புதைத்த மயானம் இருந்த இடத்தில் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம். இரண்டிலும் பலகை உண்டு. கார்ல்ஸ்பிளாட்ஸில் ரயில் மாறும்போது பத்து நிமிடம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம்.

—

டிராம்71:
முகவரி தேடும்போது ஒன்று. 1190 என்று தபால் எண் இருந்தால் நடுவிலுள்ள 19-தான் வட்டம். 1060 என்றால் 6-ஆவது. பழைய வீடுகளில் சிவப்பு வெள்ளைச் சின்னக் கொடிகளோடு பலகை தொங்கும், தூரத்திலிருந்தே கண்ணில் படும். காகித டிக்கெட் வாங்கினால் டிராமிலும் பேருந்திலும் ஏறியதும், யு ரயிலுக்கு நிலையத்தில் நுழையும்போதே, நீலப் பெட்டியில் முத்திரை குத்துங்கள். குத்தாத டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகர் அபராதம்தான் போடுவார்.