ஓய்வு பெற்ற காவல் நாய்க்கு இறுதி மரியாதை: எங்கள் ரோஸிக்கு என்ன செய்யலாம்?

கேள்வி (அயனாவரத்திலிருந்து ஒரு மகள்):

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா சென்னை மாநகரக் காவல்துறையின் மோப்ப நாய்ப் பிரிவில் பணியாற்றி, சிறப்பு உதவி ஆய்வாளராக ஓய்வு பெற்றவர். அவர் கையில் குட்டியாக வந்து, வெடிபொருள் கண்டறியும் பயிற்சி பெற்று, எட்டு ஆண்டுகள் அவருடனேயே பணிசெய்த ரோஸி என்னும் லேப்ரடார், ஓய்வுக்குப் பின் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இறந்துவிட்டாள். திருக்கழுக்குன்றம் அருகே பாட்டியின் நிலத்தில், வேப்பமரத்தடியில் அடக்கம் செய்தோம்.

பணிக்காலப் பழக்கம் கடைசிவரை அவளை விடவில்லை. ஒரு தீபாவளிக்கு முந்தைய நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போன பட்டாசுப் பையின் அருகே போய், குரைக்காமல், பையைத் தொடாமல் உட்கார்ந்துகொண்டு, அப்பா குளித்துக்கொண்டிருந்த அறையின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறாண்டினாலோ இழுத்தாலோ குண்டு வெடித்துவிடக்கூடும் என்பதால், கண்டுபிடித்ததும் அமைதியாக உட்காரவே இந்த நாய்களைப் பழக்குகிறார்கள். அப்பா ஈரத்துண்டோடு வந்து, "சபாஷ்" என்று தட்டிக்கொடுத்து, பந்தை எறிந்த பிறகுதான் எழுந்தாள்.

தெருமுனையில் கண்ணீர் அஞ்சலிப் பதாகை வைக்க வேண்டும் என்கிறான் தம்பி. பதினாறாம் நாள் படத்திறப்பு நடத்தலாம் என்கிறார் சித்தப்பா. ஆனால், பணியில் இருக்கும்போது இறந்தால்தான் மரியாதை, ஓய்வுக்குப் பிறகு அது வெறும் வீட்டு நாய்தானே என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டதிலிருந்து, அப்பா எதுவுமே வேண்டாம் என்கிறார். முறை தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மறுமொழி 1 (ஓய்வு பெற்ற காவலர், புதுப்பேட்டை):

அம்மா, உங்கள் அப்பாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள். அந்தப் பேச்சை அவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். மும்பையில் 1993 தொடர் குண்டுவெடிப்பை அடுத்து 3,329 கிலோ ஆர்.டி.எக்ஸ். வெடிமருந்தைக் கண்டுபிடித்துக் கொடுத்த ஜஞ்சீர் என்னும் காவல் நாய் 2000 நவம்பரில் இறந்தபோது, முழுக் காவல் மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அங்கே 2008 பயங்கரவாதத் தாக்குதலின்போது பணிசெய்த மேக்ஸ், சுல்தான், டைகர், சீசர் ஆகிய நான்கு நாய்களும் ஓய்வு பெற்று, மும்பையை அடுத்த விராரில் ஒரு பண்ணையில் வாழ்ந்து, 2016-இல் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. ரயில் நிலையத்தில் கையெறி குண்டுகளைக் கண்டுபிடித்த சீசர்தான் கடைசியாகப் போனது. ஓய்வு பெற்றவைதானே என்று அந்த ஊர் கணக்குப் பார்க்கவில்லை.

ரோஸியின் பணி விவரங்களையும் இறந்த நாளையும் எழுதி, அவள் பணிசெய்த பிரிவுக்கு அப்பாவின் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுங்கள். மலர்வளையம், துப்பாக்கி முழக்கம் ஆகியவை அலுவலகம் தீர்மானிக்க வேண்டியவை. அவற்றை நீங்கள் கேட்க வேண்டாம். தகவல் தெரிந்தால், அப்பாவிடம் தொழில் கற்றுக்கொண்ட பிள்ளைகள் தாங்களாகவே வந்து நிற்பார்கள்.

மறுமொழி 2 (கல்வெட்டு ஆர்வலர், திருவான்மியூர்):

நாய்க்கு மரியாதை செய்வது நம் மண்ணுக்குப் புதிதன்று. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த, ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்காக எடுக்கப்பட்ட அந்தக் கல்லில், அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எழுத்தில் புகழ்மொழி ஒன்றுகூட இல்லை. பெயரும் செய்த செயலும் மட்டுமே ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நிற்கின்றன.

ஆகவே, பதாகையைவிட வேப்பமரத்தடியில் ஒரு சிறு கல் நடுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. "நன்றியுள்ள ஜீவன்" போன்ற பொதுச் சொற்கள் எந்த நாய்க்கும் பொருந்தும் என்பதால் அவற்றைத் தவிர்த்து, ரோஸி எத்தனை ஆண்டுகள், என்ன பணி செய்தாள் என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். எடுத்தனூரில் வீரனும் நாயும் ஒரே கல்லில் இருப்பதையும் மறக்காதீர்கள். உங்கள் அப்பாவின் பெயரும் அந்தக் கல்லில் இருக்க வேண்டும்.

மறுமொழி 3 (பெரம்பூர் வாசகி):

படத்திறப்பைக் கைவிடாதீர்கள் சகோதரி. அழுவதற்கும் நாலு பேரோடு உட்கார்ந்து அவளைப் பற்றிப் பேசுவதற்கும் அப்பாவுக்கு ஒரு நாள் வேண்டும். உறவுக்காரர்கள் யாராவது சரவெடி வாங்கி வந்தால் மட்டும் அன்போடு மறுத்துவிடுங்கள்; வெடியைத் தேடி ஊரைக் காத்தவளுக்கு அது வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. எடுத்தனூர்க் கல்லைப் பற்றி அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நாயின் பெயரையுமா எழுதியிருக்கிறார்கள்?" என்று இரண்டு முறை கேட்டார். கடிதத்தை நேற்று இரவு அவரே உட்கார்ந்து எழுதினார். கல்லில் "ரோஸி, வெடிபொருள் கண்டறியும் நாய், எட்டு ஆண்டுகள் சென்னையைக் காத்தாள்" என்று எழுதி, அதன் கீழே அப்பாவின் பெயரைச் சிறிய எழுத்தில் பொறிக்கச் சொல்லியிருக்கிறோம். தன் பெயர் வேண்டாம் என்று முதலில் மறுத்தவர், பிறகு ஒன்றும் சொல்லவில்லை. படத்திறப்பு பதினாறாம் நாள், வீட்டு மாடியில். படத்துக்குக் கீழே கழுத்துப்பட்டையை வைப்பதாக இருந்தோம். பந்தையும் வைக்கச் சொன்னார் அப்பா.