மருந்து கடத்தலுக்கு மாற்றுச் சொல் வேண்டும்

வியாசர்பாடியிலிருந்து:

நம் சொல்லாக்க மடற்குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

வருகிற ஞாயிறு எங்கள் பகுதி நூலகத்தில் மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் நானோ மருந்துகள் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிறேன். ஆறு பக்கக் கையேடும் உண்டு. அதற்கு "இலக்கு நோக்கிய மருந்து கடத்தல்" என்று தலைப்பிட்டுத் தங்கசாலைப் பக்கம் ஓர் அச்சகத்துக்கு அனுப்பினேன். அச்சகக்காரர் தொலைபேசியில் அழைத்து, "டீச்சர், இது காவல் துறை நடத்தும் கூட்டமா? மேலே அவர்கள் சின்னம் போட வேண்டுமா?" என்று கேட்டார். துறைமுகத்துக்கு இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எனக்கு இது தோன்றாமல் போனதே என்று வெட்கமாகிவிட்டது.

வெப்பக் கடத்தல், மின்கடத்தி என்று பாடநூலில் பார்த்துப் பழகிய கண்ணுக்குக் கடத்தல் குற்றமாகப் படவில்லை. மருந்தோடு சேர்ந்ததும் கெட்டுப்போகிறது. "மருந்து விநியோகம்" என்றால் மருந்துக்கடை நினைவுக்கு வருகிறது. "மருந்து செலுத்துதல்" என்றால் ஊசி. எனக்கு வேண்டியது, மருந்தை உடம்புக்குள் சுமந்துபோகும் அந்த நானோ அளவுப் பொருளுக்கு ஒரு பெயர். பெயர் கிடைத்தால் வினை தானே வரும். அச்சகம் வெள்ளி மாலை வரைதான் பொறுக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

டீச்சர் அம்மாவுக்கு, சொல் கையிலேயே இருக்கிறது: தேர்த்துகள். பழைய நீட்டலளவையில் அணு எட்டு கொண்டது ஒரு தேர்த்துகள். தேர் ஓடும்போது எழும் தூசி. அளவும் சிறிது, பெயருக்குள் தேரும் இருக்கிறது, தேரோ ஊர்தி. புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை, எடுத்து ஆள வேண்டியதுதான். பிடிக்காவிட்டால் "மருந்துக்கலம்" வைத்துக்கொள்ளுங்கள். கலம் பாத்திரமும் ஆகும், கப்பலும் ஆகும்.

ராயபுரத்திலிருந்து:

புலவர் ஐயா கோபிக்கக் கூடாது. முப்பது வருடம் மருந்தாளுநராக அளவுகுவளை பிடித்த கை சும்மா இருக்குமா? தேர்த்துகளை அளந்து பார்த்துவிட்டேன்.

எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஓர் இம்மி, எட்டு இம்மி ஓர் எள், எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு பெருவிரல். ஆக ஒரு பெருவிரலில் 32,768 அணு. பெருவிரலின் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் என்று வைத்தால் அந்தக் கால அணு ஏறக்குறைய 610 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர்). தேர்த்துகள் 4,900 நானோமீட்டர். அதாவது இரத்தச் சிவப்பணுவின் விட்டத்தில் பாதிக்கு மேல். டீச்சர் பேசப்போகும் பொருளோ 100 நானோமீட்டர் அளவில் இருப்பது. பழைய அணுவே அதைப்போல ஆறு மடங்கு பெரியது. தேர்த்துகள் என்று பெயர் வைத்தால் கடுகுக்குப் பூசணிக்காய் என்று பெயர் வைத்த கதையாகும். கணக்குப் போட்டபோது நம் ஆட்கள் எவ்வளவு தூரம் கீழே இறங்கிப் பார்த்திருக்கிறார்கள் என்று வியந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கலம் அழகான சொல். ஆனால் இலங்கைப் பாடநூல்களில் செல்லுக்குக் கலம் என்றுதான் பெயர். "கலத்துக்குள் மருந்துக்கலம் நுழைகிறது" என்று எழுதினால் யாழ்ப்பாணத்துப் பிள்ளை குழம்பிப்போகும்.

என் மனம் முதலில் ஓடியது அனுபானத்துக்கு. சித்த மருத்துவர் சூரணத்தைத் தேனில் குழைத்துக் கொடு, நெய்யில் கொடு, வெந்நீரில் கொடு என்கிறாரே, அந்தத் தேனும் நெய்யும்தான் அனுபானம். மருந்தை ஏற்றிச் செல்லும் துணை. அதிலும் நெய் கொழுப்பு. நாம் பேசுவதும் பெரும்பாலும் கொழுப்பால் ஆன உறை. இரண்டு நாள் இந்தப் பொருத்தத்திலேயே மகிழ்ந்து கிடந்தேன். பிறகு விட்டுவிட்டேன். அனுபானம் மருந்தோடு கூடப் போகிறது. மருந்தை ஒளித்து வைப்பதில்லை, இடம் பார்த்து இறக்குவதும் இல்லை. மேலும் அது இன்றும் வைத்தியசாலைகளில் புழங்கும் சொல். வாழ்கிற சொல்லை வீட்டைக் காலி செய்யச் சொல்லி நாம் குடியேறக் கூடாது.

"வாகனம்" வேண்டாம். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, வாகனம் என்றால் போய்ச்சேராதது என்றே பொருள்படும்.

எங்கள் எதிர் வீட்டு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். காசிமேட்டில் ஏலத்தில் மீன் எடுத்து விற்பவர். சில ஆண்டுகளுக்கு முன் மார்பகப் புற்றுநோய்க்கு டாக்ஸோரூபிசின் ஏற்றினார்கள். மருந்தே சிவப்பாக இருக்கும். நல்ல மருந்து, ஆனால் இதயத் தசையைக் கெடுக்கும். ஒருவருக்கு வாழ்நாளில் இவ்வளவுதான் என்று வரம்பு உண்டு. நோய் திரும்பி வந்தபோது அதே மருந்தைக் கொழுப்பு உறைக்குள் வைத்த வடிவத்தில் கொடுத்தார்கள். டாக்சில் என்ற பெயரில் 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது இந்த வடிவம்தான். நானோ மருந்துகளில் அங்கே முதலில் அனுமதி பெற்றதாகச் சொல்லப்படுவதும் இதுதான். உறைக்கு மேல் பெக் என்ற பாலிமரைப் பூசியிருப்பார்கள். அதனால் உடம்பின் காவல் செல்கள் சீக்கிரம் அடையாளம் காண்பதில்லை. உறை நாள்கணக்கில் இரத்தத்தில் சுற்றும். இதயத்துக்குக் கேடு குறைவு. ஆனால் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோலிலும் உள்ளங்கால் தோலிலும் போய்ச் சேர்கிறது. அக்காவுக்குக் கை சிவந்து தோல் உரிந்தது. "போன முறை முடி போனது, இந்த முறை உள்ளங்கை போனது தம்பி. ஐஸ் பெட்டியில் கை வைத்தால்தான் இதமாக இருக்கிறது" என்றார். பிறகு கேட்டார்: "அதே மருந்துதான் என்கிறார்கள். எதில் வைத்து அனுப்புகிறார்கள்?"

மாத்திரை எண்ணிக் கொடுத்தே காலம் கழித்தவன் நான். எதில் வைத்து அனுப்புகிறார்கள் என்று ஒரு நோயாளியும் என்னைக் கேட்டதில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்: "தோணியில் வைத்து அக்கா." அவர் மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. அப்போதுதான் இந்தச் சொல் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது.

நம் ஊருக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளியே நங்கூரம் போடும். சரக்கையும் ஆட்களையும் கரைக்குக் கொண்டுவந்தவை மசுலாப் படகுகள். ஆணி அடித்த வெள்ளைக்காரப் படகு அலை உடையும் இடத்தில் நொறுங்கும். மசுலாப் படகில் ஆணியே இல்லை. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அடித்தால் நெளிந்து கொடுக்கும், உடையாது. இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஏனென்றால் லிப்போசோம் எனப்படும் அந்தக் கொழுப்பு உறையின் சுவரும் அப்படித்தான். கொழுப்பு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டவை அல்ல. தண்ணீரைக் கண்டு ஒதுங்கும் வால்கள் உள்பக்கம் திரும்பி ஒன்றையொன்று ஒட்டி நிற்பதால் மட்டுமே சுவர் நிற்கிறது. 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்கம் இந்தக் குமிழ்களைக் கண்டார். ஆணி இல்லாத சுவர் என்பதால்தான் அது செல்லின் சவ்வோடு கலக்கவும் முடிகிறது, வேண்டிய நேரத்தில் கலையவும் முடிகிறது.

எனவே என் முன்மொழிவு: மருந்துத்தோணி. படகு வகை ஒன்றைக் குறிக்கும் சலங்கு என்ற பழஞ்சொல் இன்னும் பொருத்தம், ஆனால் அகராதியைத் திறந்தால்தான் தெரியும். படகு வேண்டாம், மருந்துப்படகு என்றால் வெள்ள நிவாரணம் நினைவுக்கு வரும். தோணி சரக்கு ஏற்றுவது. தூத்துக்குடித் தோணி மாலத்தீவு வரை சரக்கு கொண்டுபோகிறது. காசிமேட்டில் இன்று யாரும் தோணி என்று சொல்வதில்லை, லாஞ்சும் பைபரும்தான். ஆனாலும் சொன்னால் புரியாதவர் இல்லை.

தோணிக்குள் இருப்பதைச் சரக்கு என்று எழுத ஆசைதான். நாட்டு மருந்துக்கடையில் மருந்துப் பொருள்களுக்குச் சரக்கு என்றே பெயர். ஆனால் பள்ளிப் பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். சுமை என்று போடுங்கள். மருந்து வெளிவருவது சுமையிறக்கம்.

தலைப்பிலிருந்து "இலக்கு நோக்கிய" என்பதை எடுத்துவிடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். புற்றுநோய்க் கட்டிகளின் இரத்தக்குழாய்கள் ஓட்டை மிகுந்தவை, அதன் வழியே பெரிய மூலக்கூறுகள் கசிந்து கட்டியில் தங்கும் என்று 1986இல் ஜப்பானில் மட்சுமுராவும் மயேதாவும் காட்டினார்கள். நானோ துகள்களும் அப்படியே தங்கும் என்று நம்பி உலகமே ஓடியது. 2016இல் டொரண்டோவில் ஒரு குழு பத்தாண்டுக் கட்டுரைகள் 117ஐ எடுத்துக் கூட்டிப் பார்த்தது. ஊசி வழியே போன துகள்களில் கட்டியைச் சேர்வது, நடுமதிப்பாக, 0.7 சதவீதம். ஆயிரம் தோணி புறப்பட்டால் ஏழு கரை சேர்கிறது. மருந்து வேலை செய்ய அதுவே சில நேரம் போதும், அது வேறு விஷயம். ஆனால் இதற்கு ராமபாணம் போலப் பெயர் வைத்தால் நாம் சொல்லாக்கவில்லை, விளம்பரம் எழுதுகிறோம்.

தண்டையார்பேட்டையிலிருந்து:

தேர்த்துகளைத் திரும்பப் பெறுகிறேன். பெருவிரலைக் கொண்டே என்னைக் குத்திவிட்டார் ராயபுரத்தார்.

இரண்டு குறிப்பு மட்டும். யாராவது நுண்தோணி என்று எழுதக் கிளம்புமுன் தடுத்துவிடுகிறேன். இலக்கணப்படி அது நுண்டோணி ஆகும். படிக்கிறவர் தொண்டையில் மீன் முள் போல நிற்கும். தவிர, நுண்ணுயிர், நுண்ணோக்கி என்று நுண் ஏற்கெனவே மைக்ரோ அளவுக்குப் போய்விட்டது. நானோவுக்கு மீநுண் என்று சிலர் எழுதுகிறார்கள். மீச்சிறு பொது மடங்கு படித்த பிள்ளைக்கு "மீ" அந்நியமில்லை. ஆனால் ஒரே கையேட்டில் இரண்டு புதுச்சொல் திணிக்க வேண்டாம். நானோ நானோவாகவே இருக்கட்டும்.

மற்றது: தோணி திறந்த பாத்திரம், நீங்கள் சொல்வது மூடிய குமிழ். இதற்கு என்ன பதில்?

ராயபுரத்திலிருந்து:

நியாயமான கேள்வி. குமிழ் என்பது வடிவத்தின் பெயர், தோணி என்பது தொழிலின் பெயர். லிப்போசோமை மட்டும் குறிக்க வேண்டுமானால் கொழுப்புக்குமிழ் என்று எழுதலாம். ஆனால் 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அப்ராக்ஸேனில் குமிழே இல்லை; பாக்ளிடாக்ஸெல் மருந்து அல்புமின் புரதத்தோடு சேர்ந்து துகளாக இருக்கிறது. பாலிமர் துகள் உண்டு, தங்கத் துகள் உண்டு. எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்தான் தோணி. கட்டுமரமும் திறந்ததுதான், அதற்காக அது கடலுக்குப் போகாமல் இருக்கிறதா?

வியாசர்பாடியிலிருந்து:

ஐயா இருவருக்கும் நன்றி. மருந்துத்தோணியை எடுத்துக்கொண்டேன், இலக்கை நீக்கிவிட்டேன். இன்னும் ஓர் இடத்தில் சிக்கியிருக்கிறேன்.

கோவிட் எம்ஆர்என்ஏ தடுப்பூசியில், புரதம் செய்வதற்கான குறிப்பாகிய எம்ஆர்என்ஏதான் சுமை; தோணி நான்கு வகைக் கொழுப்புப் பொருள்களால் ஆனது. செல் அதை ஒரு சிறு பையில் சுற்றி விழுங்கிவிடுகிறது. அந்தப் பைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது. அப்போது நான்கில் ஒரு கொழுப்பு, செல்லுக்கு வெளியே மின்னேற்றம் இல்லாமல் சாதுவாக இருந்தது, நேர்மின்னேற்றம் பெற்றுப் பையின் சவ்வைக் குலைக்கிறது. எம்ஆர்என்ஏ வெளியே, செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் விழுகிறது. இல்லாவிட்டால் பையோடு செரித்துப்போகும். இந்தத் தப்புதலுக்கு என்ன பெயர்? "பைமீறல்" என்று எழுதினேன். பிக்பாக்கெட் போல ஒலிக்கிறது.

ராயபுரத்திலிருந்து:

கரையேற்றம். கப்பலிலிருந்து இறங்கியவன் மசுலாப் படகில் ஏறிவிட்டதாலேயே ஊர் வந்தவன் ஆகமாட்டான். அலை உடையும் அந்தக் கடைசித் தூரம்தான் ஆளை விழுங்கும். இங்கேயும் அப்படியே. ஆர்என்ஏ சுமந்த இத்தகைய துகள்களைச் செல்லுக்குள் பின்தொடர்ந்து 2013இல் வெளிவந்த ஆய்வில், பையிலிருந்து தப்பியது நூற்றுக்கு ஒன்றிரண்டுதான். மருந்துத்தோணி கட்டுகிறவர்கள் இன்று மல்லுக்கட்டுவது இந்த இடத்தில்தான். பெயர் இல்லாமல் விடக் கூடாது.

தண்டையார்பேட்டையிலிருந்து:

கரையேறல் என்றால் தானாக ஏறுவது. கரையேற்றம் என்றால் ஏற்றிவிட ஒருவர் வேண்டும். இங்கே ஏற்றிவிடுவது அந்தக் கொழுப்பு. எனவே ஏற்றமே சரி.

வியாசர்பாடியிலிருந்து:

அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பக்கத்தில் கல்லீரலைப் பற்றி ஒரு பத்தி சேர்த்தேன். இந்தக் கொழுப்புத் தோணிகள் இரத்தத்தில் இறங்கியதும் மேலே ஒரு புரதம் வந்து ஒட்டிக்கொள்கிறது. கல்லீரல் செல்கள் அந்தப் புரதத்தைக் கண்டு உள்ளே இழுத்துக்கொள்கின்றன. 2018இல் அனுமதி பெற்ற பட்டிசிரான் என்ற ஆர்என்ஏ மருந்து இதையே வசதியாக்கிக்கொண்டது. 2025இல் பிலடெல்பியாவில், பிறவிக் குறைபாட்டால் அம்மோனியாவை வெளியேற்ற முடியாத ஒரு கைக்குழந்தைக்கு, அக்குழந்தைக்கென்றே செய்த மரபணுத் திருத்தக் கருவியைக் கல்லீரலுக்குக் கொண்டுபோனதும் இத்தகைய தோணிதான். மூளைக்கோ நுரையீரலுக்கோ போகச் சொன்னால் இவ்வளவு எளிதாகப் போவதில்லை என்றும் எழுதியிருக்கிறேன்.

பெக் பூச்சுக்கு "மேலங்கி" என்று முதலில் போட்டுவிட்டு, பெக் என்றே மாற்றிவிட்டேன். அதற்கு அடுத்த வாரம் தனி மடல் போடுகிறேன். ராயபுரம் ஐயா, ஞாயிறு மாலை நான்கு மணிக்குக் கூட்டம். அக்காவுக்கு உடம்பு ஒத்துழைத்தால் அவரையும் அழைத்து வாருங்கள். படியேற வேண்டியதில்லை, தரைத்தளம்தான்.