ஏரியல் கட்டின கதை: தோட்டத்துச் சாளையில கிடைச்ச அமைதி

எங்க ஊரு காங்கேயம் பக்கமுங்க. 2017 ஏப்ரல் கடைசியோட பிபிசி தமிழோசை ரேடியோ நிகழ்ச்சி சிற்றலையில (ஷார்ட் வேவ்) நின்னு போச்சு. அதுக்கப்புறமும் ராத்திரி 9.15 ஆனா எங்க அப்பாரு ரேடியோ செட்டை எடுத்து வச்சு முள்ளைத் திருப்பிட்டே உக்காந்திருப்பாரு. பார்க்க மனசு கேக்கலீங்க. வேற ஸ்டேசனாச்சும் தெளிவா எடுத்துக் குடுக்கலாம்னு ஏரியல் கட்ட எறங்குனேன்.

மொட்டை மாடியில 20 மீட்டர் ஒயரை இழுத்து, முனையைக் கிளிப்பு போட்டு செட்டோட ஏரியல் குச்சியில மாட்டினேன். கர்ர்ருனு இரைச்சல். ஒயர் பத்தலையோன்னு இன்னொரு 10 மீட்டர் சேர்த்தேன், இரைச்சல்தான் வளர்ந்துச்சு.

ஒரு ராத்திரி கரண்டு போச்சு. செட்டு பேட்டரியில ஓடிட்டிருந்துச்சு. அந்த நிமிசமே இரைச்சல் அடங்கி, சிற்றலையில 31 மீட்டர் பேண்டுங்கற பகுதியில வரிசையாக் குரலுங்க! அப்பாரு எந்திரிச்சே உக்காந்துட்டாரு. மறுநாள் மெயினை எறக்கிட்டு ஒவ்வொரு லைனா ஏத்திப் பார்த்தேன். திண்ணை எல்இடி பல்பும் செல்போன் சார்ஜரும்தான் காரணம். அதுக்குள்ள கரண்டை வேகமா வெட்டி வெட்டி விடற சர்க்யூட்டு இருக்குது. அந்த இரைச்சல் வீட்டு வயரிங் பூரா பரவுது. நான் ஏரியலை அதுக்குப் பக்கத்துலயே கட்டியிருந்தேன்.

அப்புறம் எல்லாத்தையும் தோட்டத்துச் சாளைக்கு (தோட்டத்து வீட்டுக்கு) மாத்தினேன். ரெண்டு தென்னைக்கு நடுவுல ஒயர், ரெண்டு முனையிலும் பிவிசி பைப் துண்டு, அதுல நைலான் கயிறு. முதல் ஆடியிலயே அத்துப் போச்சு. பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல மரம் ஆடுற ஆட்டம் நமக்குத் தெரியாததா? இப்ப ஒரு பக்கக் கயித்தைக் கப்பியில விட்டு அரைச் செங்கல்லைத் தொங்க விட்டிருக்கேன். மரம் சாஞ்சா கல்லு மேல ஏறுது, நிமிந்தா எறங்குது. ஒயருக்கு இழுப்பு கூடறதே இல்லைங்க.

கரண்டுக் கம்பிக்கு மேலயோ கீழயோ ஒயரைக் கொண்டு போயிராதீங்க. மேகம் கருத்தாலே நான் கிளிப்பைக் கழட்டி வெளியில போட்டுருவேன்.

மீடியம் வேவுக்கு இந்த ஒயர் வேண்டியதில்லை. செட்டுக்குள்ளயே ஃபெரைட் குச்சின்னு ஒரு ஏரியல் இருக்குது, அதுக்குத் திசை முக்கியம், அதனால செட்டையே திருப்பணும். இருட்டுனதும் அப்பாரு பலகை மேல செட்டைக் கால்வட்டம் திருப்பி, 882 கிலோஹெர்ட்ஸ்ல வர்ற இலங்கை புத்தளம் ஸ்டேசனைப் பிடிச்சிருவாரு.

இப்ப பக்கத்துத் தோட்டத்துல சோலார் மோட்டார் போட்டிருக்காங்க. ராத்திரி தொல்லை இல்லை, வெயில் ஏறுனா சிற்றலை பூரா இரைச்சல். இதை அடக்குனவங்க இருந்தா எப்படின்னு சொல்லுங்க.