புதுப்பிப்பு: அந்த 1968 போன்டியாக் ஜிடிஓ அசலா?

போன வாரம் கேட்டிருந்தேன்: எஞ்சின், கியர்பாக்ஸ் இரண்டுமே பிறந்தபோது இருந்தவைதான் என்று விற்பவர் சொல்லும் நாலு கியர் மேனுவல் ஜிடிஓவை (போன்டியாக்கின் பழைய அமெரிக்க வேகக் கார்) நம்பலாமா என்று. நேரில் பார்த்துவிட்டேன்.

டாஷ்போர்டில் உள்ள வண்டி எண் ஜிடிஓவுக்கான 242 என்று தொடங்குகிறது. அப்பாடா, லெமான்ஸை (ஜிடிஓவை ஒத்த, விலை குறைந்த போன்டியாக்) வேஷம் மாற்றவில்லை. அதென்றால் 237 இருக்கும். அப்புறம் எஞ்சின். பிளாக்கின் முன்பக்கம் பயணி ஓரத்தில் கெட்டியாக அப்பியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்து டார்ச் அடித்தேன். வண்டி எண்ணின் பின்பாதி அச்சு அசலாக ஒத்துப்போனது. ஆனால் பக்கத்தில் இருந்த குறியீடு 'ஒய்எஸ்'. அது ஆட்டோமேட்டிக் வண்டிக்கான 400 கன அங்குல எஞ்சின்! மேனுவலுக்கு 'டபிள்யூடி' இருக்க வேண்டும்.

கீழே படுத்துப் பார்த்தால், கியர் லீவருக்கான ஓட்டை கோணல்மாணலாக வெட்டப்பட்டிருக்கிறது. போன்டியாக்கின் பழைய ஆவணங்களை வைத்திருக்கும் பிஹெச்எஸ்ஸிடம் வாங்கிய தொழிற்சாலை பில் நகலும் டர்போ ஹைட்ராமேட்டிக், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் என்றே சொல்கிறது.

எஞ்சின் அசல், இப்போதுள்ள மன்சி கியர்பாக்ஸ் (நாலு கியர் மேனுவல்) பிற்பாடு வந்தது. ஓட்ட அருமையான வண்டி, எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனாலும் தொழிற்சாலை மேனுவலுக்கான விலையை இதற்குக் கொடுப்பது நியாயமில்லை. 58,000 டாலர் கேட்டவரிடம் ஆதாரங்களைக் காட்டி 45,000 சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னார்.