பொருள்: மர ஊமத்தையின் ‘ஒய்’ – ‘பூங்கவை’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நம் தோட்டச் சொற்பட்டியலில் இந்தச் செடியின் பெயர் பற்றிய பேச்சு போன வாரத்தோடு முடிந்தது என்று எடுத்துக்கொள்கிறேன். எக்காளம் போல் பூ தொங்கும் புரூக்மான்சியா செடிக்கு ‘மர ஊமத்தை’ போதும். 1753இல் தாவரவியலாளர் லின்னேயசும் இதை ஊமத்தைப் பேரினத்திலேயே வைத்து ‘மரம் போன்ற’ என்ற அடைமொழியைத்தான் கொடுத்தார். பிறகு 1805இல் பெர்சூன் தனிப் பேரினமாகப் பிரித்து, லைடன் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த புருக்மான்ஸ் பெயரை வைத்தார். ஊமத்தை என்ற சொல் கூடவே நிற்பதில் எனக்கு இன்னொரு நிம்மதியும் உண்டு. அந்தப் பெயரைக் கேட்டாலே நம் பக்கத்தில் யாரும் பிள்ளைகளைக் கிட்ட விடமாட்டார்கள். இலை, பூ, விதை, வேர் எல்லாமே நஞ்சு, வெட்டிய கையோடு கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும். ஆங்கிலப் பெயரை அப்படியே மொழிபெயர்த்து ‘தேவதை எக்காளம்’ என்று எழுதினால் அந்த எச்சரிக்கை காணாமல் போகும்.

இப்போது எழுத வந்தது இந்தச் செடியை வளர்ப்பவர்கள் நாள்தோறும் பேசும் ‘ஒய்’ (Y என்ற ஆங்கில எழுத்து) பற்றி. மர ஊமத்தை முதலில் ஒற்றைத் தண்டாக நெட்டுக்குத்தலாக மேலே போகும். விதையிலிருந்து வந்த செடி ஆள் உயரம் வரைகூட அப்படியே போகலாம். எவ்வளவு உரம் போட்டாலும் அதுவரை ஒரு மொட்டும் வராது. பிறகு ஒரு நாள் நுனி இரண்டாகப் பிரியும், முதல் மொட்டு அந்தப் பிரிவில்தான் தோன்றும். அதற்கப்புறம் வருகிற கிளை எல்லாம் பூக்கிற கிளை, மேலே போகப்போகத் திரும்பத் திரும்ப இரண்டாகப் பிரிந்து ஒவ்வொரு பிரிவிலும் பூ வைக்கும். அந்த முதல் பிரிவுக்குக் கீழே இருப்பது இளம்பருவத் தண்டு, மேலே இருப்பது பூப்பருவக் கிளை. வளர்ப்பவர்கள் இதைத்தான் ‘ஒய் வந்துருச்சா?’ என்று கேட்டுக்கொள்கிறார்கள்.

இதற்கு ஏன் தனிச்சொல் என்று பள்ளத்தூர் அண்ணன் கேட்டிருந்தார்:

> கிளை பிரியும் இடம் என்று சொன்னால் புரியாதா? எல்லாவற்றுக்கும் சொல் உண்டாக்கிக்கொண்டிருந்தால் பட்டியல்தான் நீளும்.

புரியாது அண்ணே. எங்கள் சின்னம்மா மகள் ஸ்காட்லாந்தில் இருக்கிறாள், தொட்டியில் இந்தச் செடி வைத்திருக்கிறாள். அங்கே உறைபனிக்குப் பயந்து மே கடைசியில்தான் தொட்டியை வெளியே எடுக்க முடியும், அக்டோபரில் மறுபடி உள்ளே கொண்டுபோக வேண்டும். நடுவில் இருக்கிற அந்தச் சில மாதங்களுக்குள் பூத்தால்தான் உண்டு. குளிர்காலத்துக்குச் செடியைச் சின்னதாக்கி கேரேஜில் வைக்கலாம் என்று தமிழில் யாரோ எழுதியிருந்த குறிப்பைப் படித்திருக்கிறாள். அதில் ‘கிளை பிரியும் இடத்தில் வெட்டவும்’ என்று இருந்ததாம், அவளும் பிரிவுக்கு ஒரு சாண் கீழே நறுக்கிவிட்டாள். செடி சாகவில்லை. வசந்தத்தில் அடித்தண்டிலிருந்து கொழுகொழுவென்று துளிர்த்து, கோடை முழுக்க ஒற்றைத் தண்டாக உயர்ந்துகொண்டே போய், செப்டம்பர் கடைசியில்தான் மறுபடி பிரிந்தது. மொட்டு விரல் நீளம் வருவதற்குள் பனி வந்துவிட்டது. ஒரு வருடப் பூ போனது. அந்தப் பிரிவுக்கு மேல் சில கணு விட்டு வெட்டியிருந்தால் ஜூலை, ஆகஸ்டிலேயே பூத்திருக்கும். வெப்பமான ஊரில் இந்தத் தவறுக்குச் செடி கொஞ்ச நாள் தாமதமாகப் பூக்கும், அவ்வளவுதான். குளிர்ந்த ஊரில் அந்த வருடமே கைவிட்டுப் போகிறது. மேலா கீழா என்று சந்தேகமே வராதபடி அந்த இடத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்று நான் விடாமல் சொல்வது இதனால்தான்.

இதுவரை வந்த சொற்களைப் பார்ப்போம்.

‘இருபிளவுக் கிளைப்பு’ பாடநூலுக்குச் சரி, ஆனால் அது ஒரு முறையின் பெயர். செடியில் விரல் வைத்துக் காட்டக்கூடிய ஓர் இடத்துக்குப் பெயராகாது. தவிர, இங்கே நுனி உண்மையில் இரண்டாகப் பிளப்பதில்லை. தண்டின் நுனி பூவாக முடிந்துவிட, அதன் அடியிலிருந்த பக்க அரும்புகள் கிளம்பி வளர்ச்சியை ஏற்றுக்கொள்கின்றன. பார்வைக்குத்தான் பிளவு.

‘கவர்’ என்று புதுவயல் நண்பர் சொன்னது பழைய நல்ல சொல், கவர்த்த வழி என்றெல்லாம் படித்திருக்கிறோம். ஆனால் எந்த நர்சரியிலாவது போய் ‘கவருக்கு மேல வெட்டுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். கன்று நிற்கிற கறுப்பு பிளாஸ்டிக் பைக்குப் பெயரே அங்கே கவர்தான். இந்தச் சொல்லை ஒப்புக்கொள்ளவே முடியாது.

‘ஒய்’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் வந்தது. அந்த ஆங்கில எழுத்தின் வடிவம் தெரிந்தவர்களுக்குத்தான் அது படம் காட்டும். எங்கள் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவருக்கு அது வெறும் ஒலி.

அவர் என்ன சொல் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொள்ள போனில் இருந்த படத்தைக் காட்டினேன். செடி அவருக்குப் புதிது. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘இந்தக் கவையிலதான் மொட்டு வக்கிதாக்கும்’ என்றார். நான் ஒன்றும் எடுத்துக் கொடுக்கவில்லை. வேலிக்கு முள் அடைக்கும்போது கருவேல முள்ளைக் குத்தித் தள்ளி அமுக்குவாரே, அந்தக் கோலுக்குக் கவைக்கோல் என்றுதான் பெயர். நுனியில் இரண்டு விரல் விரித்தாற்போல் இருக்கும், முள் அதற்குள் அகப்பட்டு நகராமல் நிற்கும். நம் பக்கத்தில் தோட்டம், கொல்லை வைத்திருக்கிற யாரும் இந்தச் சொல்லைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது.

‘கவட்டை’யும் அதே வேர்தான். பேச்சில் அதுவே வரட்டும், தடுக்க வேண்டியதில்லை. ஆனால் பெண்கள் குழுவில் வாசிக்கும்போது சங்கடமாக இருக்கிறது என்று ஓர் ஆச்சி எழுதியிருந்தது நியாயம்தான். தவிர அது உண்டிவில்லையும் குறிக்கிறது. கவை குட்டையான சொல், முன்னும் பின்னும் எதைச் சேர்த்தாலும் ஒட்டும்.

வெறும் கவை என்றால் எல்லாப் பிரிவையும் குறிக்கும், இது பூப்பருவம் தொடங்குகிற கவை. ஆகவே பூங்கவை. பூங்கவைக்கு மேலே, பூங்கவைக்குக் கீழே என்றால் பிசகவே வழியில்லை.

இன்னொன்று. மர ஊமத்தை காரைக்குடி வெயிலுக்கு ஏற்ற செடியல்ல, அதற்கு ஒரு சொல் செய்ய நாம் ஏன் மெனக்கெட வேண்டும் என்ற கேள்வி மறைமுகமாக வந்துகொண்டே இருக்கிறது. நம் ஆட்கள் கொடைக்கானலிலும் இலண்டனிலும் கனடாவிலும் இருக்கிறார்கள் என்பது ஒரு பதில். அதைவிட முக்கியமான பதில் நம் சாலையோரத்தில் நிற்கிறது. குன்றக்குடி போகிற வழியில் எங்கே ஊமத்தை கண்டாலும் நின்று பாருங்கள், பூவும் முள்காயும் கிளை பிரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். மிளகாயும் அப்படியே. இராமநாதபுரம் பக்கத்து முண்டு மிளகாய்ச் செடியைப் பிடித்துப் பார்த்தால் முதல் பூ முதல் கவையில்தான். கத்தரிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. அதனால் பூங்கவை என்ற சொல் கொடைக்கானல் பங்களாத் தோட்டத்தோடு நிற்காது, மிளகாய் போடுகிற சம்சாரிக்கும் உதவும்.

அப்புறம், வெட்டி நடுகிற துண்டுக்கு ‘தண்டுத் துண்டம்’ என்று பட்டியலில் போட்டிருக்கிறோம். முருங்கைக்கும் கிளுவைக்கும் போத்து என்றுதானே சொல்கிறோம்? அதையே இங்கும் வைக்கலாம். பூங்கவைக்கு மேலிருந்து எடுத்தது மேற்போத்து, கீழிருந்து எடுத்தது கீழ்ப்போத்து. மேற்போத்து குட்டையாக இருக்கும்போதே பூத்துவிடும், தொட்டிக்கும் குளிர்நாட்டுக்கும் அதுதான் தோது. கீழ்ப்போத்து மறுபடி நெடுநெடுவென்று வளர்ந்து புதிதாகப் பூங்கவை வைத்த பிறகே பூக்கும், உயரமாக மரம் போல நிற்க வேண்டும் என்பவர்களுக்கு அது.

கருத்துகளை எழுதுங்கள்.
காரைக்குடி

---

மறுமொழி – கொடைக்கானலிலிருந்து

பூங்கவை எனக்கு முழுச் சம்மதம் அண்ணே. நான் தேவகோட்டைக்காரன், பிழைப்புக்காக இங்கே வந்து வீட்டுத் தோட்டத்தில் வெள்ளை, பீச் நிறம் இரண்டும் வைத்திருக்கிறேன். இங்கே தொட்டியெல்லாம் வேண்டாம், தரையிலேயே நிற்கும். ஆனால் சனவரியில் ஏரிப் பக்கம் பள்ளமான இடங்களில் உறைபனி விழுந்தால் மேல் கிளையெல்லாம் கருகிவிடும். கருகல் பூங்கவையைத் தாண்டி இறங்கியதா இல்லையா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தாண்டவில்லை என்றால் சீக்கிரமே பூ வரும், தாண்டியிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான். பனிக்காலத்துக்கு முன்னால் அந்தக் கவையைச் சுற்றிச் சாக்கு கட்டிவிடுகிறேன்.

ஒரு விஷயம் சேர்க்க வேண்டும். கையில் வெட்டிய போத்து மட்டும் இருக்கிறது, தாய்ச்செடியைப் பார்க்கவில்லை, அப்போது மேலா கீழா என்று எப்படித் தெரியும்? இலையடியைப் பார்க்க வேண்டும். பூங்கவைக்குக் கீழே உள்ள இலையில் காம்பின் இரண்டு பக்கமும் இலைப்பரப்பு ஒரே இடத்தில் வந்து சேரும். மேலே உள்ள இலையில் ஒரு பக்கம் கொஞ்சம் இறங்கிச் சேரும், அடி கோணலாக இருக்கும். பூங்கவை வருவதற்குச் சில இலைகள் முன்பே இந்தக் கோணல் தொடங்குவதைக் கவனித்திருக்கிறேன், அதை வைத்தே ‘இந்தச் செடி இந்த மாதம் பிரியும்’ என்று வீட்டில் சொல்லிவிடுவேன். இதற்கும் சொல் வேண்டும். கோணலடி இலை, நேரடி இலை என்று வைக்கலாமா?

தண்ணீரும் உரமும் பற்றி யாரும் எழுதவில்லை. இது பெருந்தீனிச் செடி. பூக்கிற காலத்தில் வாரம் ஒருமுறை திரவ உரம் கொடுக்கிறேன், வெயில் அடிக்கிற நாளில் மதியமே இலை தொங்கிவிடும், காலை மாலை இரண்டு வேளை தண்ணீர் கேட்கும். பூ ஒரேயடியாக அலையலையாக வரும், ஓர் அலை முடிந்து அடுத்ததற்கு இடைவெளி விடும், அந்த இடைவெளியில் பயந்துபோய்க் கிளையைக் குறைக்கக் கூடாது. பீச் நிறத்துப் பூ விரியும்போது வெளிறித்தான் இருக்கும், அடுத்த நாள்தான் நிறம் ஏறும். இரவில் வாசனை வாசல் வரை வரும்.

---

மறுமொழி – தேவகோட்டையிலிருந்து

நான் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவள். மூதுரையில் ‘கவையாகிக் கொம்பாகி’ என்று கவையையும் கொம்பையும் அடுத்தடுத்து வேறாகவே சொல்லியிருக்கிறது. ஆகவே கவை என்பது கிளை அல்ல, கிளை பிரியும் இடம் என்று எடுத்துக்கொள்ள நல்ல ஆதாரம் இருக்கிறது. பூங்கவைக்கு என் ஒப்புதல்.

நேரடி இலை மட்டும் வேண்டாம் தம்பி. நேரடி என்ற சொல்லுக்கு நேரடி விற்பனை, நேரடி ஒளிபரப்பு என்று வேறு வாழ்க்கை அமைந்துவிட்டது. சமனடி இலை என்று வையுங்கள். போத்து என்ற சொல்லில் ஓர் ஐயம், தஞ்சைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் இலங்கையில் உள்ளவர்களுக்கும் இது விளங்குமா? அங்கே என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போடலாம்.

---

மறுமொழி – காரைக்குடியிலிருந்து

அம்மா, சமனடி நன்றாக இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். கொடைக்கானல் தம்பி சொன்ன இலையடி அடையாளம்தான் எனக்கு இந்த உரையாடலில் கிடைத்த பெரிய லாபம். சின்னம்மா மகளுக்கு உடனே மெயில் அனுப்பினேன், பக்கத்து வீட்டில் கொடுத்த போத்துகளில் கோணலடி உள்ளவற்றை மட்டும் பிரித்துத் தனித் தொட்டியில் வைத்திருக்கிறாள்.

போத்துக்குப் பதிலாக வேறு ஊர்ச் சொல் வந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுவோம், ஒன்றை எடுத்துவிட வேண்டாம். பூங்கவையைப் பட்டியலில் இப்படிச் சேர்க்கிறேன்:

பூங்கவை: ஊமத்தை, மர ஊமத்தை, மிளகாய் முதலிய கத்தரிக் குடும்பத்துச் செடிகளில் தலைத்தண்டு பூவில் முடிந்து, பக்கக் கிளைகள் முதன்முதலாகப் பிரிந்து எழும் இடம். மர ஊமத்தையில் இதற்குக் கீழே சமனடி இலை, மேலே கோணலடி இலை. குளிர்காலக் கவாத்து (கிளை வெட்டுதல்) இதற்கு மேல் சில கணு விட்டே செய்யப்பட வேண்டும்.

‘கவாத்து’ இருக்கட்டுமா, ‘கழித்தல்’ என்று மாற்றட்டுமா என்று மட்டும் சொல்லுங்கள். மலைத்தோட்டங்களில் கவாத்துதான் வழக்கு என்பதால் நான் அதையே விட்டிருக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கள் காலை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.