சுபேதார் சுப்பிரமணியன்: இத்தாலியில் இருந்து ஒரு படம் வேண்டும்

வணக்கம் நண்பர்களே. மதராஸ் சாப்பர்ஸ் என்ற இந்திய ராணுவப் பொறியாளர் படைப்பிரிவைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியன் நினைவாக எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறோம். 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ பக்கம், கூட வந்தவர் கண்ணிவெடியை மிதித்துவிட, அது வெடிப்பதற்கு இருந்த சில விநாடிகளுக்குள் அதன் மேலேயே விழுந்து மற்றவர்களைக் காப்பாற்றியவர் இவர். வீரச் செயலுக்காக பிரிட்டிஷ் அரசு தரும் ஜார்ஜ் கிராஸ் விருது இறந்த பிறகுதான் வந்தது. நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும், சொல்லுங்கள்!

சாங்ரோ நதி போர்க் கல்லறையில், தகனம் செய்யப்பட்ட இந்திய வீரர்களுக்கான நினைவிடத்தில் இவர் பெயர் இருக்கிறது. இத்தாலியில் இருக்கிறவர்கள் யாராவது அந்தப் பக்கம் போனால் பெயர் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா? அப்புறம், சாப்பர்ஸில் இருந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால், பெங்களூரு மையத்தில் அவருடைய படத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று சொல்லுங்கள்.